கண்மாய்க்குள் பறவைத் திட்டு: அரசுப் பணம் எந்தக் கணக்கில் கிடைக்கும்?

வரத்துக்கால் (கேள்வி):

வணக்கம். சிவகங்கை மாவட்டம். ஊர்க் கண்மாய் முன்பு பொதுப்பணித்துறை, இப்போது நீர்வளத்துறைக் கணக்கு. ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 130 ஏக்கர். உள்வாயில் (கண்மாய்க்குள் நீர் நிற்கும் பகுதி) பழைய நாட்டுக் கருவேலம் நாற்பது ஐம்பது மரம் மிச்சம் இருக்கிறது, மற்றதெல்லாம் சீமைக் கருவேலம். நத்தைக்குத்தி நாரை, வக்கா, சின்ன நீர்க்காகம், உண்ணிக்கொக்கு கூடு கட்டுகின்றன. தண்ணீர் நன்றாக நின்ற வருடங்களில் கோரைக்குள் புள்ளிமூக்கு வாத்தும் தாழைக்கோழியும் குஞ்சு பொரிக்கின்றன.

பிரச்சினை இதுதான். பிப்ரவரி கடைசியில் மரத்தடி காய்ந்துவிடுகிறது. நாய்கள் உள்ளே போகின்றன, கீழே விழும் குஞ்சு எதுவும் தப்புவதில்லை. உள்வாயில் நாலைந்து மண் திட்டுகள் போட்டு மரம் வைத்து, சுற்றிலும் கொஞ்சம் ஆழப்படுத்தலாம் என்று ஊரில் பேச்சு. கேள்விகள்:

1. இதற்கு எந்த அரசு நிதி கிடைக்கும்? ஊர்ச் சங்கம் நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா? அமெரிக்காவில் நிலத்தைப் பறவைக்கு விட்டால் உழவருக்கே ஏக்கர் கணக்கில் பணம் தருகிறார்களாம், அப்படி ஏதாவது இங்கே உண்டா?
2. திட்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எவ்வளவு மண்?
3. வனத்துறைப் பணம் வாங்கினால் சரணாலயம் என்று அறிவித்து மீன் ஏலத்தையும் மேய்ச்சலையும் நிறுத்திவிடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். உண்மையா?

புலப்படம்:

அமெரிக்கக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அங்கே வேளாண் துறை 10 முதல் 15 வருட ஒப்பந்தம் போட்டு, பயிர் வைக்காமல் விட்ட நிலத்துக்கு வருட வாடகை தருகிறது. வடக்குச் சமவெளிக் குட்டைப் பகுதியில் வாத்துக் கூட்டுக்கென்றே அதில் ஒரு பிரிவு உண்டு. வேட்டைக்காரர்கள் வாங்கும் வாத்து முத்திரை 1934 முதல் இருக்கிறது, இப்போது 25 டாலர், அந்தப் பணம் ஈரநிலம் வாங்கப் போகிறது. 1989 சட்டப்படி வரும் ஈரநில மானியத்துக்கு, கேட்பவர் குறைந்தது அதே அளவு பணம் வெளியிலிருந்து காட்ட வேண்டும். அங்கே நிலம் தனியார் கையில், அதனால் மானியமும் தனியாருக்குப் போகிறது. உங்கள் கண்மாய் அரசுப் புறம்போக்கு. இங்கே பணம் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குத்தான் போகும். ஊர்ச் சங்கம் கேட்கலாம், அழுத்தம் கொடுக்கலாம், பங்கு போடலாம். காசோலை சங்கத்தின் பெயரில் வராது. இதை முதலிலேயே ஊரில் சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை குறையும்.

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். உங்களுடையது ஏறக்குறைய 53 ஹெக்டேர். ஆகவே யார் பணம் கொடுத்தாலும் நீர்வளத்துறைச் செயற்பொறியாளரின் தடையின்மைச் சான்று இல்லாமல் ஒரு கூடை மண் நகராது.

பணம் இருக்கும் இடங்கள், நடைமுறையில் எளிதான வரிசையில்:

மாவட்ட வன அலுவலர் வழியாகத் தமிழ்நாடு ஈரநில இயக்கம். 2022-ல் தொடங்கியது, 5 ஆண்டில் 100 ஈரநிலங்கள் என்பது இலக்கு. உங்கள் கண்மாய் மாவட்டப் பட்டியலில் இருக்கிறதா என்று வன அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி மனு கொடுப்பதுதான் முதல் வேலை. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் கூடும் கூட்டங்களில்தான் இது நகரும்.

அடுத்தது நமக்கு நாமே திட்டம். மக்கள் பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். தொகை சிறிது, ஆனால் வேகம் அதிகம். ஊரில் 2, 3 லட்சம் திரட்ட முடிந்தால் ஒரு திட்டுக்கு இதுவே நேர்வழி.

குவாரி உள்ள வட்டாரமானால் மாவட்டக் கனிம அறக்கட்டளை (குவாரிகள் கட்டும் பங்கில் நடக்கும் நிதி). சுற்றுச்சூழல் பாதுகாப்பு அதன் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. குவாரியால் பாதிக்கப்பட்ட ஊர் என்று வகைப்படுத்தியிருக்க வேண்டும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி அரசுப் பணம் இல்லை, ஆனாலும் துணைக்கு வரும். நிறுவனச் சட்டம் 2013-ன் 7-ம் அட்டவணையில் உயிரினப் பாதுகாப்பு இருக்கிறது. வாங்கும் அறக்கட்டளைக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவும், இந்த நிதியை வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் முதல் மின்னஞ்சலோடு பேச்சு நின்றுவிடும்.

நீர்வாழ் சூழல் பாதுகாப்புக்கான தேசியத் திட்டம் (2013, மத்திய மாநிலப் பங்கு 60:40) பற்றி யாராவது ஆசை காட்டினால் நேரம் வீணாக்காதீர்கள். அதற்கு ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம் தயாரித்து மாநில ஈரநில ஆணையம் வழியாகப் போக வேண்டும். ராம்சர் (சர்வதேச ஈரநில ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள இடங்களுக்கும் பெரிய ஏரிகளுக்கும் பொருந்தும், ஒற்றைக் கண்மாய்க்குப் பொருந்தாது.

ஒரு பொறி: 2017 ஈரநில விதிகளின் வரையறையில், பாசனத்துக்கென்றே மனிதன் கட்டிய நீர்நிலை சேராது. மனுவில் "ஈரநில விதிகளின்படி" என்று தொடங்கினால், "இது பாசனக் கண்மாய், பொருந்தாது" என்று ஒற்றை வரியில் திருப்பிவிடலாம். "நீர்ப்பறவை இனப்பெருக்க இடம், வாழிட மேம்பாடு" என்று எழுதுங்கள், கூடு எண்ணிக்கையை இணையுங்கள். வேடந்தாங்கலும் பாசன ஏரிதான், ராம்சர் பட்டியலில் இருக்கிறது என்று ஒரு வரி சேர்ப்பதில் தப்பில்லை.

மூன்றாவது கேள்விக்கு: பணம் வாங்கியதாலேயே எதுவும் அறிவிக்கப்படாது. சரணாலயம் வேறு, காப்புப் பகுதி வேறு. வனவிலங்குச் சட்டத்தில் 2002 திருத்தத்தால் வந்த 36ஏ பிரிவு, அரசு நிலத்தில் உள்ளூர் மக்களைக் கலந்து பேசி காப்புப் பகுதி அறிவிக்க வழி செய்கிறது, மேலாண்மைக் குழுவில் ஊராட்சிக்கும் இடம் உண்டு. திருநெல்வேலி மாவட்டத் திருப்புடைமருதூர் 2005-ல் இப்படித்தான் அறிவிக்கப்பட்டது, பரப்பு 2.84 ஹெக்டேர். அறிவித்தால் வனவிலங்கு வாழிடங்களுக்கான மத்திய நிதியையும் கேட்க முடியும். 36சி என்பது தனியார் அல்லது சமூக நிலத்துக்கான சமுதாயக் காப்புப் பகுதி, உங்களுக்குப் பொருந்தாது. சில ஊர்களில் இரண்டையும் குழப்பிக் கிராம சபைத் தீர்மானமே தப்பாகப் போடுகிறார்கள்.

மடைத்தூம்பு:

திட்டுக் கணக்கு. எஸ்டிமேட் போடும் உதவிப் பொறியாளர் முன்னால் வைக்க வசதியாக ஒரு திட்டுக்குச் சொல்கிறேன்.

இடம்: கண்மாய் நிறையும்போது 1.4 மீட்டர் தண்ணீர் நிற்கும் இடம். மேல்தளம் முழுக் கொள்ளளவு மட்டத்துக்கு 0.6 மீட்டர் மேலே. ஆக உயரம் 2 மீட்டர். மேல் விட்டம் 8 மீட்டர், சரிவு ஒன்றுக்கு இரண்டு (உயரம் 1, அகலம் 2), அடி விட்டம் 16 மீட்டர். கன அளவு 235 கன மீட்டர். மண் அமுங்கும், 12 முதல் 13 சதவீதம் கூட்டி 265 என்று வையுங்கள். லாரிக்காரர் பாஷையில் 94 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி).

மண்ணை வெளியிலிருந்து கொண்டுவராதீர்கள், திட்டைச் சுற்றியே எடுங்கள். இதுதான் முழு வேலையின் சூட்சுமம். திட்டின் அடியிலிருந்து 3 மீட்டர் விட்டு, வட்டமாக 1 மீட்டர் ஆழ அகழி. கணக்குப்படி 3.3 மீட்டர் அகலம் போதும், இருபுறமும் சரிவு வைத்தால் மேலே 4 முதல் 4.5 மீட்டர் வரும். அதே மண் திட்டாகிறது, அதே பள்ளம் நாய்க்குத் தடையாகிறது. "கொள்ளளவு குறையும்" என்ற ஆட்சேபணைக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. மண் உள்ளேயே இருக்கிறது, திட்டின் தலை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது, நிகரக் கொள்ளளவு குறையவில்லை. மண் கண்மாயை விட்டு வெளியே போனால் கனிமவளத் துறை அனுமதி தனியாக வேண்டும், அந்தத் தலைவலியும் இல்லை.

திட்டுக்கும் அகழிக்கும் நடுவே விடும் அந்த 3 மீட்டர் இடைவெளியை விட்டுக்கொடுக்காதீர்கள். ஜேசிபி ஓட்டுநர் தூக்கி வீசும் தூரத்தைக் குறைக்கத் திட்டின் காலடியிலேயே தோண்டுவார். முதல் மழையில் சரிவு அகழிக்குள் சரியும், திட்டு பாதியாகும், அகழி மூடிக்கொள்ளும். சுண்ணாம்பால் இரண்டு வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

இயந்திரம் மண்ணைக் குவித்துவிட்டுப் போனால் திட்டு ஆகாது. 30 செ.மீ. அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, இயந்திரத்தையே ஏற்றி மிதிக்க வேண்டும். உள்வாய்க் கரம்பை (களி வண்டல்) மட்டும் போட்டால் மே மாதம் வெடிப்பு விழும், வெடிப்பில் மழைநீர் இறங்கிப் பிளக்கும். மேல் அரை மீட்டருக்குச் செம்மண் கலந்தால் வெடிப்பும் குறையும், கன்றும் பிழைக்கும். அந்தச் செம்மண் சுமார் 25 கன மீட்டர், அதாவது 9 யூனிட். வெளியிலிருந்து வர வேண்டியது அது ஒன்றுதான்.

அலை அரிப்பு: மழைக்காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து. அந்தப் பக்கம் திறந்த நீர்ப்பரப்பு நீளமாக இருந்தால் திட்டின் வடகிழக்குச் சரிவில் மட்டும் கல் பதியுங்கள், அல்லது வெட்டிவேரை 15 செ.மீ. இடைவெளியில் மூன்று வரிசை நடுங்கள். சுற்றிலும் கல் கட்டினால் எஸ்டிமேட் இரட்டிப்பாகும், தாழைக்கோழிக் குஞ்சு ஏறவும் வழியில்லாமல் போகும்.

கண்மாய்க் கரையின் உட்புற அடியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளித் தோண்ட வேண்டும், உயரமான கரை என்றால் இன்னும் தள்ளி. மடைக்கு நேர் எதிரே திட்டு போட்டால் நீரோட்டம் திரும்பும், ஆயக்கட்டுக்காரர் சண்டைக்கு வருவார், நியாயமாகத்தான் வருவார்.

அகழி நீர் எவ்வளவு நாள் நிற்கும்? பிப்ரவரி முதல் நாளுக்கு 6, 7 மி.மீ. ஆவியாகும், மாதம் 20 செ.மீ. என்று வையுங்கள். கசிவு தனி. களித் தரையானால் 1 மீட்டர் அகழி பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை நாயைத் தடுக்கும். மணல் தரையானால் ஒரு மாதம்கூட நிற்காது. எஸ்டிமேட்டுக்கு முன் ஓரிடத்தில் 1 மீட்டர் குழி தோண்டி, நீர் ஊற்றி, ஒரு வாரம் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் போட்ட திட்டுகளைச் சுற்றி ஆடு மேய்வதைத்தான் பல கண்மாய்களில் பார்க்கலாம்.

ரூபாய்க் கணக்கு நான் சொல்ல மாட்டேன். நடப்பு ஆண்டு விலை அட்டவணையில் மண் வேலை கன மீட்டருக்கு என்ன விலையோ அதை 265-ஆல் பெருக்குங்கள்.

கூழைக்கடா:

மடைத்தூம்பு சொன்ன மண் வேலையில் குறை இல்லை. ஆனால் திட்டு போட்ட வருடமே பறவை வந்து உட்காரும் என்று ஊரில் யாரும் நினைக்க வேண்டாம். நாட்டுக் கருவேலம் கூடு தாங்க 5, 6 வருடம் ஆகும். அதுவரை பறவைக் குடும்பத்தைத் தாங்கப்போவது இப்போது நிற்கும் அந்த நாற்பது ஐம்பது மரமும், எல்லோரும் ஏசும் சீமைக் கருவேலமும்தான்.

ஆகவே திட்டுக்குப் பணம் கேட்பதற்கு முன் பைசா செலவில்லாத ஒரு வேலை. கண்மாய்களுக்குள் இருக்கும் நாட்டுக் கருவேலம் பெரும்பாலும் சமூகக் காடுகள் திட்டத்தில் வைத்தது. 1981-ல் சுவீடன் உதவியோடு தொடங்கிய திட்டம், விறகுக்காக வைத்து முறைவைத்து வெட்டி ஏலம் விடுவதே அதன் ஏற்பாடு. உங்கள் மரங்கள் அந்தக் கணக்கில் இருந்தால், கூடு உள்ள மரங்களை வெட்டு ஏலத்திலிருந்து நீக்கச் சொல்லி வனச்சரகரிடம் எழுத்தில் வாங்குங்கள். திட்டுக்கு நிதி வந்த அதே வருடம் பழைய மரங்கள் ஏலத்தில் போனால் என்ன பயன்?

சீமைக் கருவேலம் அகற்றும் பணிக்கும் நிதி சுலபமாக வருவதால் மொத்தமாக வழித்துவிடும் ஆபத்து உண்டு. ஜனவரியில் கரையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக் கூடு இருக்கும் மரங்களைக் குறித்து வையுங்கள், தண்ணீர் வடிந்த பின் போய்ப் பெயின்ட் அடியுங்கள். அவற்றை விட்டு மற்றதை மூன்று வருடமாகப் பிரித்து எடுக்கலாம். வேரடியோடு பிடுங்காமல் தரை மட்டத்தில் அறுத்தால் ஆறே மாதத்தில் நாலு கிளையாக நிற்கும், ஒப்பந்தக்காரருக்கு அடுத்த வருடமும் வேலை.

திட்டில் நடவு: 3 மீட்டர் இடைவெளி, ஆகத் திட்டுக்கு 5 அல்லது 6 கன்று, அதற்கு மேல் வேண்டாம். குழி 45 செ.மீ. கன சதுரம், இரண்டு கூடை மக்கிய எரு. கன்று 4, 5 அடி உயரம், ஒரு வருடம் பையில் வளர்ந்தது. ஒன்றரை அடிக் கன்றுதான் எண்ணிக்கைக்கு மலிவு, ஆனால் ஆடு ஒரு கடியில் முடித்துவிடும். வளர்ந்த கருவேலம் மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கும், முழுக மூழ்கிய கன்று செத்துவிடும். எனவே நடவு மேல்தளத்தில், ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பருக்குள். சரிவில் வேண்டுமானால் நீர்க்கடம்பு ஒன்றிரண்டு வையுங்கள். முள்வேலிக்கு வெட்டிய சீமைக் கருவேல முள்ளே போதும்.

எச்சத்தால் மரம் சாகும். நாரைகள் பத்து வருடம் உட்கார்ந்த மரம் மொட்டையாகிக் காய்ந்துவிடும். அதனால் எல்லாத் திட்டையும் ஒரே வருடத்தில் போடாமல் இரண்டு இப்போது, இரண்டு நாலு வருடம் கழித்து என்று கேளுங்கள். ஒரே சமயத்தில் எல்லாம் சாகாது.

வாத்துக்கும் தாழைக்கோழிக்கும் திட்டைவிடக் கோரைதான் முக்கியம். புள்ளிமூக்கு வாத்து தரையில் புல் மறைவில் முட்டையிடும். நவம்பர் முதல் மார்ச் வரை "கரை சுத்தம்" என்ற பெயரில் உட்சரிவுப் புல்லை வழிக்கக் கூடாது என்று தீர்மானத்தில் ஒரு வரி போடுங்கள். மொட்டைப் பனை இருந்தால் விட்டுவிடுங்கள், குள்ளத்தாரா என்ற சின்ன வாத்து அந்தப் பொந்தில்தான் குடியிருக்கும்.

மீன் ஏலத்தைப் பகைக்க வேண்டாம். குத்தகை நிபந்தனையில் மூன்று வரி சேர்த்தால் போதும்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை திட்டிலிருந்தும் கூடு உள்ள மரங்களிலிருந்தும் 50 மீட்டருக்குள் வலை இல்லை. பறவை விரட்ட வெடி இல்லை. கடைசி மீன்பிடிக்காக மடையைத் திறந்து வடிக்கக் கூடாது. ஆப்பிரிக்கத் தேளி விட்டிருந்தால் அது ஏற்கெனவே தடைசெய்யப்பட்ட மீன், அதையும் சொல்லிவிடலாம்.

கூடு எண்ணிக்கை இல்லாமல் மனு எடுபடாது. கரையில் நாலு நிலையான இடம், டிசம்பர் முதல் மார்ச் வரை மாதம் ஒரு முறை, காலை 6 முதல் 8 மணி. பறவை உட்கார்ந்திருக்கும் கூட்டை மட்டும் இனவாரியாக எண்ணுங்கள். தெர்மாகோல் மிதவையில் அருகே போய்ப் படம் எடுக்கிறேன் என்று கிளம்புபவரை நிறுத்துங்கள். பறவை எழுந்தால் முட்டை காக்கைக்கு.

வரத்துக்கால்:

மூவருக்கும் நன்றி. தரைச் சோதனை இந்த வாரமே செய்கிறோம். ஒரு சந்தேகம். பக்கத்து வட்டாரத்தில் இதே மாதிரி ஒரு வேலைக்கு நிதி ஒதுக்கிய பிறகும் வேலை நடக்காமல் பணம் திரும்பிப் போய்விட்டது என்கிறார்கள். ஏன் அப்படி ஆகிறது?

புலப்படம்:

அரசின் வருடம் மார்ச் 31-ல் முடிகிறது, பறவையின் வருடம் அந்தத் தேதியில் பாதியில் நிற்கிறது. அதனால்தான். ஏப்ரலில் பட்ஜெட், ஜூலையில் கருத்துரு, அக்டோபரில் நிர்வாக அனுமதி, டிசம்பரில் தொழில்நுட்ப அனுமதி, ஜனவரியில் டெண்டர். ஜனவரியில் கண்மாய் நிறைந்திருக்கும், மரம் நிறையக் கூடு. வேலை செய்தால் பறவை போகும், செய்யாவிட்டால் பணம் போகும். சிலர் மார்ச்சில் அவசரமாக இயந்திரத்தை இறக்குவதும் உண்டு, அது இன்னும் மோசம்.

மண் வேலைக்கு உங்களுக்குள்ள காலம் மே நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை கூடு எண்ணிக்கை. மார்ச் 22 அல்லது மே 1 கிராம சபையில் தீர்மானம். அதோடு புலப்பட (நில அளவை வரைபடம்) நகல், 'அ' பதிவேட்டு (ஊர் நிலப் பதிவேடு) நகல், திட்டுகளைக் குறித்த வரைபடம், மீன் குத்தகை முடியும் தேதி. ஜூனுக்குள் செயற்பொறியாளரிடமும் மாவட்ட வன அலுவலரிடமும் ஒரே நாளில் மனு. ஒருவரிடம் கொடுத்து மற்றவர் பதிலுக்குக் காத்திருந்தால் ஒரு வருடம் போகும். ஜனவரி டெண்டர் வரை தடுக்காதீர்கள், வேலை உத்தரவில் மட்டும் "மண் வேலை மே 15-க்குப் பிறகு" என்ற நிபந்தனை இருக்க வேண்டும். நிதி அடுத்த ஆண்டுக்குத் தொடர, துறைக்குள் மறு ஒப்புதல் தேவைப்படும். அதைப் பிப்ரவரியிலேயே எழுதிக் கேட்க வேண்டும், மார்ச் கடைசி வாரத்தில் கேட்டால் கோப்பு மேசையை விட்டு நகராது.

இன்னொரு வழி, வேலையை இரண்டாக வெட்டுவது. கன்று வளர்ப்பு, முள்வேலிப் பொருள், அறிவிப்புப் பலகை எல்லாம் முதல் நிதியாண்டில் செலவாகட்டும், மண் வேலை இரண்டாம் ஆண்டு. கன்றுக்கும் பையில் ஒரு வருடம் வேண்டும் என்று கூழைக்கடா சொன்னது இதோடு ஒத்துப்போகிறது.

முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் பதியும் நாளில் ஊரிலிருந்து ஒருவர் டேப்போடு நிற்கட்டும். மேல் விட்டம், அடி விட்டம், உயரம் மூன்றும் அளந்து, தேதி தெரியும் படம் எடுங்கள். அமுங்குவதற்கு முன் அளந்தால் 265 காட்டும், ஒரு மழைக்குப் பிறகு 235-க்குக் கீழே போனால் மண் குறைவு. கடைசித் தவணைப் பணம் அந்த மழை கழித்துத்தான் என்று ஒப்பந்தத்தில் போட முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். பராமரிப்புக்கு மூன்று வருடம், செத்த கன்றை மாற்றும் செலவோடு, எஸ்டிமேட்டிலேயே தனி வரியாக வர வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

மடைத்தூம்பு:

ஒன்று விட்டுப்போனது. வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்) தூர்ந்து கிடந்தால் முதலில் அதைத் தூர்வாரக் கேளுங்கள். அகழிக்கு வரவேண்டிய தண்ணீர் அதன் வழியாகத்தான் வரும், ஆயக்கட்டுக்காரரும் அந்த மனுவில் கையெழுத்துப் போடுவார்.